சிசிஎன்ஏ தேர்வுக்கு மூன்று மாதம் போதுமா?

நீங்கள் கேட்டது இது: பிஎஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு, ஒரு இன்டர்நெட் நிறுவனத்தில் இரண்டு வருடமாக ஃபைபர் ஜாயின்ட் போடுவதும் வீடு வீடாக மோடம் மாட்டுவதுமாக இருக்கிறீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். மூன்று மாதத்தில் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு) பாஸ் பண்ண முடியுமா, கோச்சிங் சேர வேண்டுமா, டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்வி, விடைத் தொகுப்பு) மட்டும் படித்தால் போதுமா, பாஸ் பண்ணினால் வேலை கிடைக்குமா? பார்க்க நான்கு கேள்விகள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: தேர்வுக் கட்டணம் 300 டாலர் கட்டுவதற்கு முன், நான் தயாராகிவிட்டேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். மற்றவை வழியில் வந்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேலாக நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். 2014ல் முதல்முறை சிசிஎன்ஏ எழுதிப் ஃபெயில் ஆனவன். அப்புறம் பாஸ் ஆனேன். சில வருடங்களாக ஜூனியர்களை இன்டர்வியூ எடுக்கிறேன். நான் பயிற்சி ஆசிரியர் இல்லை, அதனால் கீழே சொல்வதில் பாதி என் அனுபவம். அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். இப்போதைய தேர்வின் எண் 200-301. இது 2020 பிப்ரவரி 24ல் வந்தது. அதற்கு முன் இரண்டு தாள்களாகவும் எழுதலாம், ஒரே தாளாகவும் எழுதலாம் என்று இருந்தது. இப்போது ஒரே தாள்தான். 2024 ஆகஸ்ட்டில் பாடத்திட்டத்தைக் கொஞ்சம் திருத்தி 1.1 என்று பெயர் வைத்தார்கள். நேரம் 120 நிமிடம். முன்தகுதி எதுவும் கேட்பதில்லை, பத்தாவது படித்தவரும் எழுதலாம். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். ஃபெயில் ஆனால் ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும், மறுபடியும் முழுக் கட்டணம். பாடத்திட்டத்தை சிஸ்கோவே சதவீதம் போட்டுக் கொடுத்திருக்கிறது: நெட்வொர்க் அடிப்படை 20, ஸ்விட்ச் சார்ந்த நெட்வொர்க் அக்சஸ் 20, ரூட்டிங் 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு 15, ஆட்டோமேஷன் 10. இந்தப் பட்டியல் அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பழைய யூடியூப் வரிசைகளில் இஐஜிஆர்பி, ஃபிரேம் ரிலே என்று மணிக்கணக்கில் ஓடும்; பட்டியலில் இல்லாததைத் தைரியமாகத் தள்ளிவிடலாம்.

கேள்விப்படும் விஷயங்களில் நம்பக்கூடாதது ஒன்று உண்டு. "825 எடுத்தால் பாஸ்" என்று யாராவது சொல்வார்கள். பாஸ் மார்க்கை சிஸ்கோ வெளியிடுவதே இல்லை, அதை மாற்றும் உரிமையும் அவர்களிடம்தான். ஆகவே, "இந்தப் பகுதியை விட்டுவிட்டாலும் தேறிவிடும்" என்று கணக்குப் போட்டுப் படிக்காதீர்கள். போடுவதற்கு அந்தக் கணக்கில் எண்ணே கிடையாது.

சரி, எத்தனை மாதம்? இது என் கருத்து மட்டும்தான். ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு தினம் இரண்டு மணி நேரம் என்றால் மூன்று மாதம் இறுக்கம். நான்கரை, ஐந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் லைன் அறுந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கம்பத்தில் நிற்கும் நாட்களில் படிப்பு நடக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் மாதத்தை வைத்துத் தயார்நிலையை அளக்காதீர்கள். நான் வைக்கும் சோதனை வேறு. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்விட்ச், நடுவில் ஒரு ரூட்டர் வரையுங்கள். இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குப் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அடித்தால் ஒவ்வொரு அடியிலும் என்ன நடக்கிறது என்று, புத்தகம் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல முடிகிறதா?

சொல்லிப் பார்ப்போம். உங்கள் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி 192.168.10.77, மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது) /27. போக வேண்டிய இடம் 192.168.20.10. கம்ப்யூட்டர் முதலில் தன் மாஸ்க்கை வைத்துப் பார்க்கிறது: அந்த முகவரி என் தெருவிலேயே இருக்கிறதா? இல்லை. அப்படியானால் கேட்வேயிடம், அதாவது வெளியே அனுப்பும் ரூட்டரிடம், கொடுக்க வேண்டும். கேட்வேயின் ஐபி தெரியும், மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) தெரியாது. அதனால் "இந்த ஐபி யாருடையது?" என்று ஏஆர்பி (ஐபிக்கு உரிய மேக்கைக் கண்டுபிடிக்கும் முறை) மூலம் எல்லாருக்கும் கத்துகிறது. இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுவார்கள்: கத்துவது கேட்வேயின் மேக்குக்காக, தூரத்துக் கம்ப்யூட்டரின் மேக்குக்காக இல்லை. ஸ்விட்ச், அனுப்பியவரின் மேக்கை எந்தப் போர்ட்டில் பார்த்தோம் என்று குறித்துக்கொண்டு, அந்தக் கூச்சலை அதே விலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) உள்ள மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளுகிறது. ரூட்டர் பதில் சொல்கிறது. இப்போது புறப்படும் ஃபிரேமில், போய்ச்சேரும் மேக் ரூட்டருடையது, போய்ச்சேரும் ஐபி தூரத்துக் கம்ப்யூட்டருடையது. ரூட்டர் அந்த ஃபிரேமின் மேலுறையைக் கிழித்துப்போட்டு, டிடிஎல் எண்ணில் (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டரைத் தாண்டலாம் என்ற எண்) ஒன்றைக் குறைத்து, ரூட்டிங் டேபிளைப் பார்த்து, வெளியேறும் பக்கத்தில் புது மேக் முகவரிகளோடு புது உறை போடுகிறது. அதற்கு முன் அந்தப் பக்கமும் ஒரு ஏஆர்பி நடக்கலாம்.

இது வெறும் பாடம் இல்லை. சிஸ்கோ ரூட்டரில் முதல்முறையாகப் பிங் அடித்தால் முதலில் ஒரு புள்ளியும் பிறகு நான்கு ஆச்சரியக்குறியும் வரும், வெற்றி 80 சதவீதம் என்று காட்டும். புதிதாக வருபவர்கள் லைனில் ஏதோ கோளாறு என்று பதறுவார்கள். ஏஆர்பி முடிவதற்குள் முதல் பாக்கெட் வீணாகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டாம் முறை அடித்தால் நூறு வரும். இந்த மாதிரி ஒரு புள்ளிக்குக் காரணம் சொல்லத் தெரிந்தால், தேர்வின் பாதிக் கேள்விகள் உங்களைப் பயமுறுத்தாது.

இன்னொன்று: பதில் பாக்கெட் திரும்பி வரவும் வழி வேண்டும். போகும் வழியை மட்டும் சரிபார்த்துவிட்டு, எதிர் ரூட்டரில் திரும்பும் ரூட் இல்லாததைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் எங்கள் துறையில் ஏராளம். நானும்தான்.

அடுத்து சப்நெட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கு. இதற்கு மட்டும் மனப்பாடம் தப்பில்லை, சொல்லப்போனால் வாய்ப்பாடு மாதிரி ஏறிவிட வேண்டும். முறை எளிது. 256லிருந்து மாஸ்க்கின் கடைசி எண்ணைக் கழித்தால் எத்தனை எத்தனையாகத் தாவ வேண்டும் என்று தெரியும். /27 என்றால் மாஸ்க்கின் கடைசி எண் 224, கழித்தால் 32. 0, 32, 64, 96 என்று தாவுங்கள். 77 விழுவது 64க்கும் 95க்கும் நடுவில். 64 நெட்வொர்க், 95 பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் முகவரி), 65 முதல் 94 வரை கம்ப்யூட்டர்களுக்கு. மூன்றாவது எண்ணில் மாஸ்க் உடையும்போதுதான் பலருக்குக் கை நடுங்கும்: 172.16.45.130/20 என்றால் மாஸ்க்கின் மூன்றாவது எண் 240, தாவல் 16, 45 விழுவது 32க்கும் 47க்கும் நடுவில். ஆக நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255. ஒரு கணக்குக்கு முப்பது நொடிக்கு மேல் ஆகக்கூடாது. காலை டீ குடிக்கும்போது ஐந்து கணக்கு, தினமும். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது போட்டுவிட்டு மற்ற நாள் சும்மா இருந்தால் ஏறாது.

உங்கள் வேலையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. சிசிடிவி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், "போர்ட் ஃபார்வர்டு போட்டும் வெளியிலிருந்து கேமரா தெரியவில்லை" என்று உங்களைக் கூப்பிட்டிருப்பார். மோடமில் வான் முகவரியை (இன்டர்நெட் பக்கத்து முகவரி) பார்த்தால் 100.72 என்றோ 100.100 என்றோ ஆரம்பிக்கும். அது 100.64.0.0/10 என்ற தொகுதி. இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுவதற்காகவே ஒதுக்கியது. /10 என்றால் இரண்டாவது எண்ணில் தாவல் 64, எனவே 100.64லிருந்து 100.127 வரை. 100.130 என்று வந்தால் அது இந்தத் தொகுதியில் இல்லை. நேட் (இப்படிப் பல முகவரிகளை ஒரு பொது முகவரிக்கு மாற்றுவது), சப்நெட்டிங் இரண்டும் ஒரே வீட்டில் வந்துவிட்டது பாருங்கள். புத்தகம் மட்டும் படித்தவருக்கு இல்லாத வசதி இது.

ரூட்டிங்தான் 25 சதவீதம், அதில் ரூட்டிங் டேபிளைப் படிப்பதுதான் உயிர். ஒரு கேள்வியை நான் இன்டர்வியூவில் இன்றைக்கும் கேட்கிறேன். டேபிளில் 10.1.0.0/16க்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி), 10.1.1.0/24க்கு ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முறை) மூலம் வந்த ரூட், கூடவே ஒரு டிஃபால்ட் ரூட் (எதுவும் பொருந்தாவிட்டால் போகும் வழி). 10.1.1.5க்குப் போகும் பாக்கெட் எந்த வழியில் போகும்? பத்தில் ஆறேழு பேர் ஸ்டாட்டிக் என்பார்கள். காரணமும் சொல்வார்கள்: ஸ்டாட்டிக்கின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (வழியை எவ்வளவு நம்பலாம் என்ற எண்) 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, சின்னதுதான் ஜெயிக்கும். எண்கள் சரி, பதில் தப்பு. அந்த ஒப்பீடு, ஒரே நெட்வொர்க்குக்கு ஒரே மாஸ்க்கோடு இரண்டு வழி வந்தால் எதை டேபிளில் ஏற்றுவது என்பதற்கு. டேபிளில் ஏறிய பிறகு, எந்த வரி முகவரியோடு அதிகமாகப் பொருந்துகிறதோ அதுதான். /24 ஜெயிக்கும். இந்த இரண்டு படியையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் ரூட்டிங் பகுதியில் பெரும் பாரம் இறங்கிவிடும்.

ஓஎஸ்பிஎஃப்பை, இரண்டு ரூட்டர்கள் ஏன் ஒன்றோடொன்று சேரவில்லை என்ற பக்கத்திலிருந்து படியுங்கள். ஏரியா எண் வேறாக இருந்தால் சேராது. ஹலோ, டெட் டைமர்கள் பொருந்தாவிட்டால் சேராது. இரண்டு பக்கமும் மாஸ்க் வேறாக இருந்தால் சேராது. எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) வேறாக இருந்தால் சேர ஆரம்பித்து எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையில் மாட்டிக்கொள்ளும். பேக்கெட் ட்ரேசரில் (கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் சிஸ்கோ மென்பொருள்) இரண்டு ரூட்டரை இணைத்து, இவற்றை ஒவ்வொன்றாக நீங்களே கெடுத்து, திரையில் என்ன வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

பேக்கெட் ட்ரேசரைப் பற்றி: இலவசம், சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இறக்கிக்கொள்ளலாம். சிசிஎன்ஏவுக்கு அது போதும். பழைய ரூட்டர், ஸ்விட்ச் வாங்கி வீட்டில் அடுக்குவது ஆசைக்கு நல்லது, அவசியம் இல்லை. கரண்டு பில்லும் சத்தமும் மிச்சம். லேப் செய்யும் முறையில்தான் ஒரு கட்டுப்பாடு சொல்வேன். ஒன்று வேலை செய்யவில்லை என்றால் உடனே முழு கான்ஃபிகரேஷனையும் திறந்து பார்க்காதீர்கள். ஃபைபரில் நீங்கள் என்ன செய்வீர்கள்? எடுத்தவுடனே ஜாயின்ட் பாக்ஸைத் திறக்க மாட்டீர்கள், பவர் மீட்டரை வைத்து எண்ணைப் பார்ப்பீர்கள். மைனஸ் 20 என்றால் சரி, மைனஸ் 30 என்றால் எங்கேயோ வளைந்திருக்கிறது என்று மனம் சொல்லும். கருவியின் நிலையைக் காட்டும் ஷோ கமாண்டுகள்தான் இங்கே பவர் மீட்டர். போர்ட் "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்று காட்டினால் அது கேபிள் பிரச்சினை இல்லை, மனிதர் யாரோ மூடி வைத்தது அல்லது ரூட்டர் போர்ட்டைத் திறக்கவே மறந்தது. சும்மா "டவுன்" என்றால் கேபிளைப் பாருங்கள். தேர்விலும் பெரும்பாலும் இப்படித் திரையில் வந்ததைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள்.

ஸ்விட்ச் பகுதியில் விலான், ட்ரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு), ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்சுகளுக்கிடையே வளையம் ஏற்படாமல் தடுப்பது), ஈதர்சேனல் (பல கேபிள்களை ஒன்றாகச் சேர்ப்பது). இதில் ஒரு கதை. நான் சேர்ந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் விலான் 30ஐப் புதிதாகச் சேர்க்கச் சொன்னார்கள். ட்ரங்க் போர்ட்டில் அனுமதிக்கப்பட்ட விலான்கள் என்ற கமாண்டில் "ஆட்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டு 30 என்று மட்டும் அடித்தேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் இருக்கிற பட்டியலோடு சேராது, பட்டியலையே அழித்துவிட்டு 30ஐ மட்டும் வைக்கும். ஒரு மாடி முழுக்க நெட் போனது. ஸ்விட்ச்சுக்குள் நான் நுழைந்திருந்ததும் அதே ட்ரங்க் வழியாகத்தான், அதனால் என் இணைப்பும் போனது. கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி எந்தத் தேர்வில் எப்படி வந்தாலும் எனக்குத் தப்பாது. நீங்கள் இதை பேக்கெட் ட்ரேசரில் கெடுத்துக்கொள்ளுங்கள், மலிவு.

ஸ்பானிங் ட்ரீயில், யாரும் எதுவும் மாற்றாவிட்டால் எல்லா ஸ்விட்ச்சுக்கும் பிரையாரிட்டி 32768 என்பதும், சமமானால் சின்ன மேக் முகவரி உள்ளது ரூட் (தலைமை ஸ்விட்ச்) ஆகும் என்பதும் தெரிந்தால் மீதி தானாக வரும். அதனால்தான் பல இடங்களில் மூலையில் தூசி படிந்து கிடக்கும், சின்ன மேக் எண் கொண்ட பழைய ஸ்விட்ச் ராஜாவாக உட்கார்ந்திருக்கும்.

வயர்லெஸ், ஆட்டோமேஷன், ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) கோப்பைப் படிப்பது, ஆன்சிபில், டெராஃபார்ம் என்ற ஆட்டோமேஷன் கருவிகள் எதற்கு என்பது ஆகியவற்றை மேலோட்டமாக, ஆனால் விடாமல் படியுங்கள். நிரல் எழுதச் சொல்ல மாட்டார்கள். படித்துப் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பாதுகாப்புப் பகுதியில் ஏசிஎல் (எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) வரிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்தியதோடு நிற்கும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு "டினை" (தடு) எப்போதும் உண்டு. இந்த மூன்றையும் கையால் செய்து பாருங்கள்.

கோச்சிங்? சுயமாக அட்டவணை போட்டு உட்கார முடியாதவர்களுக்கு அது உதவும், தப்பில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் லேப் செய்து காட்டி, அது வேலை செய்யாதபோது ஏன் என்று தேடுகிறாரா, அல்லது ஸ்லைடு வாசிக்கிறாரா? "நூறு சதவீதம் பாஸ், வேலை உறுதி" என்று போர்டு வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அந்த உறுதியை சிஸ்கோவே தருவதில்லை.

டம்ப்ஸ் விஷயத்தில் நீதி சொல்ல விரும்பவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். அது தேர்வு விதிக்கு விரோதம். பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்து தடை விதிக்கலாம் என்பது நீங்கள் தேர்வுக்கு முன் ஒப்புக்கொள்ளும் நிபந்தனையிலேயே இருக்கிறது. அதைவிட, அதில் வரும் விடைகளில் தப்பு நிறைய. டம்ப்ஸ் படித்துப் பாஸ் ஆனவரை இன்டர்வியூவில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மேலே சொன்ன /24 கேள்வியில் "ஏன்?" என்று ஒருமுறை கேட்டால் போதும். சொந்தமாக விளக்கம் எழுதிக் கொடுக்கும் மாதிரித் தேர்வுகள் வேறு, அவற்றைத் தாராளமாகப் போடுங்கள். மார்க்கை விட, நீங்கள் தப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்விக்கும், சரியான விடை தவிர மற்ற மூன்றும் ஏன் சரியில்லை என்று எழுதுவதுதான் பயன்.

தேர்வு அறையில் ஒன்றை மறக்காதீர்கள்: ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. "பிறகு பார்க்கலாம்" என்ற வழக்கமே இங்கே இல்லை. நான் 2014ல் கவிழ்ந்தது இதில்தான். ஒரு செய்முறைக் கேள்வியில் பிடிவாதமாக இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கடைசிக் கேள்விகளைப் படிக்காமலே சொடுக்கினேன். தெரியாததற்கு இரண்டு நிமிடம், செய்முறைக்கு ஏழெட்டு நிமிடம் என்று வரம்பு வைத்து நகருங்கள்.

வேலை கிடைக்குமா என்பதற்கு நேர்மையான பதில்: சான்றிதழ் மட்டும் வேலை தராது, அழைப்பு வர உதவும். உங்களிடம் இரண்டு வருடக் களவேலை இருக்கிறது, அதை ரெஸ்யூமில் ஒரு வரியில் புதைத்துவிடாதீர்கள். ராத்திரியில் லைன் தேடிப் பிடித்தவருக்குப் பழுது பார்க்கும் புத்தி இருக்கும் என்று என்னைப் போன்றவர்கள் நினைப்போம். நெட்வொர்க் கண்காணிப்பு மையங்களில் ஷிஃப்ட் வேலைக்கு முதலில் முயற்சி செய்யுங்கள். உங்கள் நிறுவனத்திலேயே அப்படி ஒரு அறை இருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரோடு இப்போதே டீ குடிக்க ஆரம்பியுங்கள்.

கடைசியாக, சின்னதாகத் தெரியும், ஆனால் நம் ஊர்க்காரர்களை மட்டும் பதம் பார்க்கும் ஒரு விஷயம். சிஸ்கோவுக்காகத் தேர்வை நடத்தும் பியர்சன் வியூவில் தேர்வுக்குப் பதிவு செய்யும்போது, நீங்கள் எடுத்துப்போகும் அடையாள அட்டையில் இருப்பது போலவே பெயர் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், இன்னொன்றில் இனிஷியல் பின்னால் இருக்கும். எந்த அட்டை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, எந்தெந்த அட்டைகளை ஏற்கிறார்கள் என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு, அதை எதிரில் வைத்துக்கொண்டு கணக்குத் தொடங்குங்கள்.